ஒரு தன்வரலாற்றில் முரண்நகை

ஒருவன் சொல்லும் சொல்லுக்கும் அதனாற் கருதப்படும் பொருளுக்கும் இடையிலேனும், அவன் நாடிய பயனுக்கும் உண்மையில் விளைந்த பயனுக்கும் இடையிலேனும் தோன்றும் மாறுபாட்டை முரண்நகை என்பர். ஆங்கிலத் திறனாய்வாளர் ஐரணி என வழங்குவது இதனையே. பெயர் புதிதாயினும் பொருள் தமிழுக்குப் புதிதன்று. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறப்பாட்டை நாமெல்லோரும் கற்றிருக்கின்றோம். இவன் வேல்கள் மாலை சூடி நெய் பூசப்பெற்றுக் காவன்மிக்க மனையிலே அழகாக இருக்கின்றன என்றும், எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றும் அவர் பாடினார். சொல்லளவிலே அது தொண்டைமானுக்குப் புகழ். பொருளளவிலே அவன் போர் அறியாதவன் என்னும் எச்சரிக்கை. இதனை வஞ்சப்புகழ்ச்சி என நம்முன்னோர் வகுத்தனர்.

ஆனால், முரண்நகை சொல்லில் மட்டும் உறைவதன்று. வாழ்க்கை நிகழ்ச்சிகளிலும் அஃது உண்டு. காவலுக்கென எழுப்பிய மதிலே வீழ்ந்து வீட்டாரை நசுக்குமாயின் அதுவும் முரண்நகையே. நகை என்னுஞ் சொல் அப்பெயரில் இருப்பினும் சிரிப்புக்கு இடமில்லாத நிகழ்ச்சிகளே அதிற் பெரும்பாலன. தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாடு பிறக்குமிடங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் கூறினார். இளமையையும் பேதைமையையும் அவர் அருகருகே வைத்தமை சிந்திக்கத்தக்கது. முதிர்ந்த ஒருவர் தமது இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது, ஒரே பெயருடைய இருவர் அந்நூலிலே உலாவுகின்றனர். ஒருவன் செயல் புரிகின்றான். அதன் முடிவை அறியான். மற்றவர் எழுதுகின்றார், முடிவை அறிவார். இவ்விருவர்க்கும் இடையேயுள்ள தூரமே தன்வரலாற்று முரண்நகையின் பிறப்பிடம்.

இதனை விளக்குதற்கு லூயிஸ் ரொட்ரீகஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1993 ஆம் ஆண்டிலே வெளியிட்ட தன்வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம். ஆல்வேய்ஸ் றன்னிங் என்பது அதன் பெயர். எப்போதும் ஓடிக்கொண்டே இருத்தல் என்பது பொருள். மெக்சிக்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் வறுமையையும், அக்குடும்பத்து மகன் தெருக்குழு ஒன்றிற் சேர்ந்து வன்செயலும் போதைப்பொருளும் சிறையுமாகக் கழித்த இளமையையும் அந்நூல் கூறுகின்றது. பதினெட்டு வயது நிறைவதற்கு முன் தம் நண்பர் இருபத்தைவரை இழந்ததாக அவர் எழுதுகின்றார். பகைக் குழுவினராலும் பொலிசாராலும் இறந்தோர் சிலர். போதைப்பொருளாலும் விபத்தாலும் தற்கொலையாலும் இறந்தோர் சிலர். இவ்வளவு துயரத்தை ஒருவர் அழுதழுது எழுதியிருக்கலாம். அன்றி, வீரம் பேசி எழுதியிருக்கலாம். ரொட்ரீகஸ் இரண்டையும் செய்யாமைக்கு அவர் கைக்கொண்ட முரண்நகையே காரணம் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

நூலின் முகவுரையே ஓட்டத்துடன் தொடங்குகின்றது. ஓடுபவர் ஆசிரியரல்லர், பதினைந்து வயதான அவர் மகன். காலம் 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கம். இடம் சிக்காகோ நகரம். மகன் ஒரு தெருக்குழுவிற் சேர்ந்துவிட்டான். தந்தையோடு பிணங்கி இருளிலே ஓடுகின்றான். தந்தை பின்னாலே ஓடுகின்றார், பிடிக்க முடியவில்லை. அந்த ஓட்டத்தை அவர் நன்கறிவார். பொலிசாருக்கும் பகைவருக்கும் வறுமைக்கும் அஞ்சி அவரே அவ்வாறு ஓடியிருக்கின்றார். லொஸ் ஏஞ்சலிஸ் தெருக்களைவிட்டு நீங்கி, எழுத்தாளராகவும் கவிஞராகவும் மதிக்கப்பெற்ற நாளிலே, தாம் விட்டுவந்தது தம் மகனுருவில் முன்னே ஓடுவதைக் காண்கின்றார். மகனைத் தடுத்தற்பொருட்டே இந்நூலை எழுதி முடித்தார். ஆகவே, இந்நூல் பொழுதுபோக்குக்கு எழுந்ததன்று. ஓர் உயிரைக் காப்பாற்றும் நோக்குடன் எழுந்தது. இதனை நினைவிற்கொண்டே மேலுள்ள பகுதிகளைப் படித்தல்வேண்டும்.

முதலாவது முரண், அந்நியன் என்னும் சொல்லிற் கிடக்கின்றது. ரொட்ரீகஸின் பெற்றோர் மெக்சிக்கோ எல்லையிலுள்ள ஹுவாரெஸ் நகரில் வாழ்ந்தவர்கள். அவர் 1954 இல் எல்லைக்கு இப்பாலுள்ள டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரிலே பிறந்தார். ஆதலால் பிறப்பினாலே அமெரிக்கக் குடிமகன். எனினும், சிறுவயதிலே தாயோடும் உடன்பிறந்தாரோடும் பூங்கா ஒன்றின் இருக்கையில் அமர்ந்தபோது, அமெரிக்கப் பெண்ணொருத்தி அவர்களை எழுப்பி, இது உங்கள் நாடன்று என்று ஏசினாள். ஆசிரியர் இந்நிகழ்ச்சியைச் சினந்து விரித்துரைக்கவில்லை. உள்ளதை உள்ளவாறு கூறி விட்டுவிடுகின்றார். வரலாறறிந்த வாசகரோ அங்கே நின்று எண்ணுவர். லொஸ் ஏஞ்சலிஸ் என்னும் பெயரே ஸ்பானிய மொழிப் பெயர். இன்று மெக்சிக்கோவுக்குரிய நிலப்பகுதிகளிலிருந்து வந்த நாற்பத்து நான்கு குடியேறிகள் 1781 இல் அவ்வூரை அமைத்தனர். கலிபோர்ணியா 1848 ஆம் ஆண்டு உடன்படிக்கைவரை மெக்சிக்கோ நாட்டின் பகுதியாகவே இருந்தது. அவ்விருக்கையில் யாருக்கு உரிமை அதிகம் என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேளாமையினாலேயே அவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

இரண்டாவது முரண் தந்தையைப் பற்றியது. ஹுவாரெஸ் நகரிலே அவர் ஒரு பாடசாலையின் அதிபர். கல்வியைப் பெருஞ்செல்வமாக மதித்தவர். பாடசாலைப் பணத்தைக் கையாடினார் என்னும் குற்றச்சாட்டினாற் சிறைப்பட்டு, பின்னர்க் குற்றமற்றவராகக் காணப்பட்டவர். நேர்மைக்கு மதிப்புள்ள நாட்டைத் தேடிக் குடும்பத்துடன் எல்லை கடந்தார். அங்கே அவர் பெற்றிருந்த கல்வி செல்லாக் காசாயிற்று. இடையிலே சிறிதுகாலம் ஆசிரியத் தொழில் கிடைத்தது, வீடும் தளபாடமும் கடனுக்கு வாங்கினார், தொழில் போயிற்று, கடன் தீர்க்க வகையின்றி முறிந்தார். இறுதியாக ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. பதவிப் பெயர் மதிப்புடையதாகவே இருந்தது. செய்தது பெரும்பாலும் துப்புரவுப் பணி. வீட்டிலே அவர் அத்தொழிலைப் பெருமையோடு பேசுவார். வளர்ந்த மகன் ஒருநாள் அங்கே சென்று உண்மையைக் கண்டான்.

இப்பகுதியே முரண்நகை எவ்வளவு நுண்ணிய கருவி என்பதற்குச் சான்று. கண்ட அன்று மகனுக்கு ஏற்பட்டது வெட்கம். எழுதுகின்ற அன்று ஆசிரியருக்கு இருப்பது அந்த வெட்கத்தைப்பற்றிய வெட்கம். தந்தையை எள்ளுவதுபோலத் தொடங்கும் சொற்கள் மெல்ல மெல்ல மகனையே எள்ளுவனவாக மாறுகின்றன. அதிபராக இருந்தவர் கல்லூரியொன்றின் கதவினுள்ளே எவ்வாறாயினும் நிற்க விரும்பினார். துப்புரவு செய்யும் கோலை ஏந்தியேனும் கல்வியின் அருகே இருந்தார். அந்தத் தந்தையின் பிள்ளை கல்லூரிக் கதவை உதறித் தெருவுக்கு ஓடினான்.

ஓடினான் என்று கூறுமிடத்துத் துரத்தியோர் யார் என்பதையும் கூறுதல் வேண்டும். மூன்றாவது முரண் பாடசாலையினுடையது. ஆங்கிலம் அறியாத சிறுவனாக முதன்முதல் வகுப்பறையுட் சென்றபோது, என்ன செய்வதென்று தெரியாத ஆசிரியை அவனைப் பின்வரிசையில் இருத்தி, கட்டிவிளையாடும் மரக்கட்டைகளைக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் படித்தனர், அவன் கட்டைகளை அடுக்கினான். மலசலகூடத்துக்குச் செல்ல அனுமதி கேட்கும் மொழியும் துணிவும் இன்மையால் இருந்த இடத்திலேயே உடை நனைத்த நாட்களும் உண்டு. கற்றற்குரிய இடத்திலே அவன் முதலிற் கற்றது வாய்திறவாமை.

அவனுக்குப் பத்து வயதான காலத்திலே நிகழ்ந்தது இதனினுங் கொடியது. சிறுவர் சிலர் இரவிலே பூட்டியிருந்த பாடசாலை வேலியைத் தாண்டி உள்ளே விளையாடினர். பொலிசார் வந்தனர். சிறுவர் அஞ்சி ஓடினர். ரொட்ரீகஸின் தோழன் பாடசாலைக் கூரையில் ஏறினான். கூரையின் வெளிச்சக் கண்ணாடி உடைந்து உள்ளே வீழ்ந்து இறந்தான். பகலிலே சிறுவர் வெளியே ஓட விரும்பிய இடம். இரவிலே அவர்கள் உள்ளே புக விரும்பிய இடம். விளையாட வேறு வெளி இல்லாத ஏழைச் சிறுவனுக்குப் பாடசாலை முற்றம் புகலிடமும் பொறியுமாயிற்று. ஆசிரியர் இங்கும் குற்றஞ்சாட்டவில்லை. பத்து வயதுச் சிறுவன் கண்ட அளவுக்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவன் அறியாததை நாம் அறிகின்றோம். அந்த அறிவே நம்மைச் சுடுகின்றது.

இனித் தெருக்குழு உருவான வகையைக் காண்போம். தமையனும் ரொட்ரீகஸும் கடைக்குச் சென்றவிடத்து, வெள்ளையர் வாழும் பகுதியினுட் புகுந்தமைக்காகவே தமையன் அடியுண்டான். பாடசாலைகளில் வலியோர் மெலியோரைத் தாக்கினர். ஆகவே, சிறுவர் தமக்குட் சங்கம் அமைத்தனர். தொடக்கத்திலே அதன் நோக்கம் பாதுகாப்பும் தோழமையுமேயாம். அச்சங்கங்கள் பெருங்குழுக்களோடு இணைந்தன. சான் கேப்ரியற் பள்ளத்தாக்கிலே குன்றுப்பகுதிச் சிறுவர் லாஸ் லோமாஸ் என்னும் குழுவாயினர். குன்றுகள் என்பதே அப்பெயரின் பொருள். அவர்களின் பகைவர் சாங்கிரா என்போர். காப்பதற்கென எழுந்த சங்கமே உயிர்கள் மடிவதற்குக் காரணமாயிற்று.

இப்பகைக் குழுவின் பெயரிலும் ஒரு முரண் உண்டு. சாங்கிரா என்பது சான் கேப்ரியல் என்னும் தேவதூதன் பெயரின் குறுக்கம். ஸ்பானிய மொழியிலோ அச்சொல் குருதி சொரிகின்றது என்றும் பொருள்படும். குன்றினரும் பள்ளத்தினரும் வேறு வேறு இனத்தவரல்லர். ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள்; ஒரே மொழி பேசியவர்கள்; ஒரேவகை வறுமையில் உழன்றவர்கள். தம்மை இகழ்ந்தோரைத் தாக்க இயலாதவர்கள் தம்மைப் போன்றோரைத் தாக்கினர். வறியோன் கையிலுள்ள ஆயுதம் பெரும்பாலும் மற்றொரு வறியோனையே நோக்கி நீளுகின்றது என்பதை இந்நூல் அறவுரையாகக் கூறாது, பெயர்களையும் தெருக்களையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றது.

1970 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று முரண்நகையின் உச்சம் எனலாம். தெருச்சண்டையிற் பங்குகொண்டும் சிறைக்குத் தப்பி உலாவிய நாட்கள் பல. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 29 ஆந் திகதி கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிக்க அமெரிக்கர் பல்லாயிரவர் ஊர்வலஞ் சென்றனர். ரூபன் சலசார் என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளர், பொலிசார் எய்த கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி அன்று உயிர்நீத்தார். பதினாறு வயதான ரொட்ரீகஸும் அவ்வூர்வலத்திற் பிடிபட்டார். கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டோருக்குரிய சிறைக்கூடத்திலே அவர் அடைக்கப்பட்டார். வன்செயல் புரிந்த நாட்களிற் காணாத கொலைஞர் கூடத்தை, கொலை வேண்டாமென நடந்த நாளிலே அவர் கண்டார்.

இங்ஙனம் பல காட்டலாம். அவர் படித்த உயர்தரப் பாடசாலையின் விளையாட்டுச் சின்னம் மெக்சிக்கோவின் பழங்குடியினரான அஸ்தெக்கர். அவ்வேடத்தைப் புனைந்து ஆடியோரோ அம்மரபை அறியாத வெள்ளை மாணவர். ரொட்ரீகஸும் ஒரு மாணவியும் உண்மையான அஸ்தெக்க உடையும் ஆடலும் பயின்று போட்டியிட்டு வென்றனர். தம் முன்னோரின் உருவத்தைத் தாமே தரித்தற்கு அவர்கள் போட்டியிட வேண்டியிருந்தது. எனினும், பாடசாலைக்குத் திரும்பிய அக்காலத்திலேதான் அவர் வாழ்வும் திரும்பிற்று. சமூக நிலையத் தொண்டர் ஒருவரும் பாடசாலையில் அக்கறைகொண்ட சிலரும் அவர் கையிலே நூலும் தூரிகையும் கொடுத்தனர். அவர் வழக்கொன்றில் அகப்பட்டபோது, அவர் பொருட்டு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியோர் பலர். பின்வரிசையில் மரக்கட்டை கொடுத்ததும் கல்வி நிலையமே. தூரிகை கொடுத்ததும் கல்வி நிலையமே. நேர்மையான முரண்நகை ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவதில்லை.

இத்தகைய நூலுக்கு வந்த வரவேற்பிலும் முரண் உண்டு. தெருக்குழுவை விட்டு நீங்குமாறு இளைஞரை வேண்டும் இந்நூலை, இளைஞரைக் கெடுக்குமென்று கூறிப் பாடசாலை நூல்நிலையங்களிலிருந்து நீக்கச் சிலர் முயன்றனர். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, 2000 முதல் 2009 வரை மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூறு நூல்களின் வரிசையிலே இதுவும் இடம்பெற்றது. அதேவேளையில் நூல்நிலையங்களிலிருந்து அதிகமாகக் களவாடப்படும் நூல்களுள் ஒன்றென்றும் பெயர் பெற்றது. நூலை வாசியாதவர் எனக் கருதப்பட்ட சிறுவரே அதனைத் திருடினர். எதிர்த்தோரை முற்றாக இகழ்தலும் தகாது. வன்செயலும் காமமும் போதையும் இந்நூலில் ஒளிவுமறைவின்றி வருகின்றன. முரண்நகையை உணராது படிக்கும் இளைஞன், ஆசிரியர் வருந்தி எழுதிய பகுதியை வீரமாகக் கொள்ளவும் கூடும். ஔவையின் பாட்டைக் கேட்டுத் தொண்டைமான் மகிழ்ந்திருந்தாற் குற்றம் பாட்டினதன்று. ஆயினும் பொருளை உணர்த்தவல்லார் ஒருவர் அருகிலிருத்தல் நன்று. நூலை மறைப்பதினும் மாணவனோடு உடனிருந்து படிப்பதே ஆசிரியர்க்குத் தகும்.

யாவற்றினும் பெரிய முரண் நூலுக்கு வெளியே நிகழ்ந்தது. எவனைக் காப்பதற்கு இந்நூல் முடிக்கப்பட்டதோ, அம்மகன் 1998 இலே கொலைமுயற்சிக் குற்றத்துக்காக இருபத்தெட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். தந்தையின் நூல் நாடெங்கும் முன்பின் அறியாத பிள்ளைகளைத் தொட்டது. சொந்த மகனைத் தடுக்கவில்லை. எழுத்தின் ஆற்றலை நம்புவோர் எவரும் இவ்விடத்தைக் கடந்துபோதல் எளிதன்று. ரொட்ரீகஸும் கடந்துபோகவில்லை. மகனைச் சிறையிற் சென்று கண்டார். தாம் நல்ல தந்தையாய் இராத ஆண்டுகளை ஒப்புக்கொண்டார். 2011 இல் மற்றொரு தன்வரலாறு எழுதி அதனையும் மறையாது கூறினார். மகன் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிலிருந்து 2010 இலே விடுதலையானான். நூல் தோற்றதா வென்றதா என்று முடிவுகூற நாம் யார்? தந்தை துரத்துவதை நிறுத்திக் காத்திருக்கக் கற்றார் என்று மட்டும் கூறலாம்.

முதல் நூலின் இறுதியிலே ஒரு காட்சி வருகின்றது. பகைக் குழுவிலே ஒருகாலம் தலைவனாயிருந்து, தாக்குண்டு உடல் சிதைந்த ஒருவன், ஆண்டுகள் பல கழிந்தபின் ரொட்ரீகஸைக் கண்டு பழிவாங்க நெருங்குகின்றான். பழைய பகையைத் தவிர அவனுக்கு வேறொன்றும் எஞ்சவில்லை. ரொட்ரீகஸ் ஓடவில்லை, தாக்கவுமில்லை. அவனை அணைத்துக்கொள்கின்றார். எப்போதும் ஓடுதல் எனப் பெயர்பெற்ற நூல் ஒருவர் நிற்பதிலே முடிகின்றது. இதுவும் முரண்நகையே, ஆனால் இங்கே அது நம்மைக் குத்தவில்லை, ஆற்றுகின்றது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2014 இலே ரொட்ரீகஸைத் தன் அரசவைக் கவிஞர்போன்ற பதவியில் அமர்த்திற்று. உன் நாடன்று என்று ஒருகாலத்தில் அவரை எழுப்பிய நகரம், தனக்காகப் பாடுமாறு அவரை வேண்டிற்று. இவ்வுயர்வைக் கண்டு மகிழும்போது அந்த இருபத்தைவரை மறத்தலாகாது. அவர்களுள்ளும் கவிஞர் இருந்திருக்கலாம்.

இக்கதை நமக்குத் தொலைவானதன்று. 1983 ஆம் ஆண்டின்பின் நாடுவிட்டு நாடு சென்ற எம்மவருள், இங்கே ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் இருந்து அங்கே உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவுப்பணி புரிந்தோர் பலர். தொரன்ரோ நகரிலே 1990 ஆம் ஆண்டுகளில் தமிழ் இளைஞர் குழுக்கள் தம்முள் மோதிய செய்திகளை வருத்தத்துடன் வாசித்தோம். அவர்களின் தந்தையரும் கல்வியைப் பெருஞ்செல்வமென மதித்தவர்களே. நிறைவு விழாக்களிலே கல்லூரிகள் உயர்ந்த மைந்தரின் பெயர்களைப் பெருமையுடன் எண்ணுகின்றன, அது முறையே. முதல்வரிசையில் இருந்தோரை எண்ணும் அவ்வேளையில், பின்வரிசையில் வாய்திறவாது மரக்கட்டை அடுக்கிய சிறுவனையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாயின், இந்நூலைப் படித்த பயன் கைகூடியதாகும்.